எங்கள் தெருவில் பறவை இருக்கிறது

அனுப்புநர்:
ஆய்வு எண் 17,
பிரஸ் இயக்கும் தொழிலாளி,
தகட்டுப் பட்டறை,
பட்டறைத் தெரு, ரயில் பாதைக்குத் தெற்கு.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்,
இரண்டாம் தளம்.

பொருள்: விலங்கியல் துறையிலும் செவியியல் துறையிலும் சமர்ப்பிக்கப்பட்ட இரண்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இடம்பெற்றுள்ள ஒரே படத்தை நீக்குமாறு இட்ட உத்தரவைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஆய்வு நேர்மைக் குழுவின் குறிப்பாணை, கடந்த மாதம் 22-ஆம் தேதியிட்டது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவில் என் பெயர் இல்லை. அதற்காக இதை மொட்டைக் கடிதம் என்று ஓரமாகப் போட்டுவிட வேண்டாம் என முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். என் பெயர், வயது, வீட்டு முகவரி, இரண்டு காதுகளின் நிலை எல்லாம் தங்கள் செவியியல் துறையில், பூட்டிய இரும்பு அலமாரியில், பச்சை அட்டை போட்ட பதிவேட்டில் இருக்கின்றன. ஆய்வுக்கு உட்பட்டவர்களின் பெயர் வெளியே வரக்கூடாது என்பது தங்கள் விதி. வெளியே வந்தால் மறுநாளே பட்டறை வாசலில் நிறுத்திவிடுவார்கள் என்பது எங்கள் நிலைமை. ஆகவே பதிவேட்டில் உள்ள எண்ணையே எழுதியிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

2. எனக்கு வயது இருபத்தாறு. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துள்ளேன். எட்டு ஆண்டுகளாகப் பிரஸ் ஓட்டுகிறேன். தகட்டை அச்சின் மேல் வைத்து மிதியை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கும். நிமிடத்துக்கு இருபத்திரண்டு முறை. எங்கள் பட்டறையில் இப்படிப் பத்து இயந்திரங்கள். தெருவில் இப்படி நாற்பத்தொரு பட்டறைகள். தெருவுக்கு மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். குடிநீருக்கு எழுதியிருக்கிறேன், சாக்கடைக்கு எழுதியிருக்கிறேன், தெருவிளக்குக்கு மூன்று முறை எழுதியிருக்கிறேன். ஓர் ஆய்வேட்டுக்காக எழுதுவது இதுவே முதல் முறை. எழுதத் தெரியாமல் எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

3. இரண்டு ஆண்டுகளுக்கு முன் செவியியல் துறை ஆய்வு மாணவி ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். தெருவில் அவருக்குக் காதக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பட்டறை பட்டறையாக ஏறி, காதைப் பரிசோதிக்க வர முடியுமா என்று கேட்டார். எங்கள் ஆட்கள் கேலி செய்தார்கள். கடைசல் இயந்திரம் ஓட்டும் லேத் மாமா, "என் காதுல என்னம்மா இருக்கப்போவுது, லேத்துச் சுருள்தான் இருக்கும், எடுத்துட்டுப் போய் எடைக்குப் போட்டுக்க" என்றார். அந்தப் பெண் சிரித்தார், ஆனால் போகவில்லை. அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கடைசியில் இருபத்துமூன்று பேர் ஒப்புக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், அந்த அறையில் குளிர்சாதனம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் நான் போனேன்.

4. தங்கள் ஒலிபுகா அறையைப் பற்றித் தாங்கள் அறிவீர்கள். கண்ணாடி வைத்த பெட்டி போன்ற அறை. கதவு சாத்தியதும் என் மூச்சு எனக்கே கேட்டது. எட்டு ஆண்டுகளில் நான் அப்படி ஒரு அமைதியில் உட்கார்ந்ததில்லை. தலையில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஓசை கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். அப்புறம் வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கண்ணாடியைத் தட்டி, "அக்கா, மெஷின் நின்னுபோச்சு" என்றேன். காதக்கா வெளியே தலையை மட்டும் ஆட்டினார். இயந்திரம் நிற்கவில்லை, ஐயா. அது ஓசை எழுப்பிக்கொண்டேதான் இருந்தது.

5. முடிவைத் தாளில் கொடுத்தார். ஒரு கோடு. சமமாக வந்துகொண்டிருந்த கோடு, வினாடிக்கு நாலாயிரம் அதிர்வு என்று குறித்த இடத்தில் கிணற்றில் விழுந்ததுபோல் கீழே போய், அதற்கு அப்பால் கொஞ்சம் ஏறியிருந்தது. பேரிரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்குக் காதில் முதலில் சாகிற இடம் அதுதானாம். இருபத்துமூன்று பேருக்கும் அதே இடத்தில் அதே பள்ளம், ஆழத்தில்தான் வித்தியாசம். அந்தத் தாளை வீட்டில் காட்டினேன். என் மனைவி வெகுநேரம் பார்த்தாள். "நான் கூப்பிட்டா நீ வேணும்னே திரும்பாம இருக்கன்னு மூணு வருஷமா நெனச்சிட்டிருந்தேன்யா" என்றாள். எங்களுக்குள் நடந்த பாதிச் சண்டைகளுக்கு அந்தக் கோட்டில் விடை இருந்தது. ஒரு மாணவி எழுதிய தாள் ஒரு வீட்டுக்குள் வந்து இவ்வளவு செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

6. அதே காலத்தில் விலங்கியல் துறை ஆய்வு மாணவர் ஒருவரும் எங்கள் தெருவில் திரிந்தார். மூன்று கூரைகளிலும் ஒரு மின்கம்பத்திலும் சோப்பு டப்பா அளவுக்குப் பெட்டிகளைக் கட்டினார். அவருக்கு மைக் அண்ணன் என்று பெயர். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, பறவைகளின் குரலைப் பதிவு செய்வதாகச் சொன்னார். தெருவே சிரித்தது. "இங்க ஏது சார் பறவை? அதெல்லாம் பத்து வருஷத்துக்கு முன்னாடியே காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. வாடகை ஏறிடுச்சில்ல" என்றார் வெல்டிங்காரர். எல்லோரும் அதையேதான் சொன்னோம். பொய் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம்.

7. மூன்றாவது முறை காதுப் பரிசோதனைக்கு வந்தபோது காதக்காவின் அறையில் காத்திருந்தேன். நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், குழாய் ஓடும் சுவரை ஒட்டிய அறை அது. இரண்டு துறைகளிலும் இடமில்லாததால் இரண்டு மாணவர்களை அங்கே தள்ளியிருக்கிறார்கள். இரண்டு மேசைகள், முதுகோடு முதுகாக. நடுவில் ஒரு புத்தக அலமாரி. ஒரு மேசை காதக்காவுடையது. மற்றதில் உட்கார்ந்திருந்தவர் மைக் அண்ணன். மூன்று ஆண்டுகளாக ஒரே அறையில் இருக்கிறார்கள், ஒரே தெருவுக்கும் போய்வந்திருக்கிறார்கள். ஒருவர் என்ன ஆராய்கிறார் என்று மற்றவருக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். அவருக்கு ஒரு துறை, இவருக்கு ஒரு துறை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்துப் பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது.

8. மைக் அண்ணனின் திரையில் எங்கள் தெருவின் வரைபடம் இருந்தது. எங்கள் பட்டறைக் கூரையின் மேல் மட்டும் முப்பது நாற்பது சிவப்புப் புள்ளிகள். என்னவென்று கேட்டேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பறவை பாடிய இடம் என்றார். "எங்க கூரையிலயா? சார், அங்க பறவையே கெடையாது" என்றேன். அவர் நாற்காலியைத் திருப்பி, "நீங்களுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. தெருவில் கேட்ட அத்தனை பேரும் பறவை இல்லை என்று சத்தியம் செய்ததால், பெட்டிகளில் தேதியும் இடமும் மாற்றி எழுதிவிட்டோம், இது வேறு இடத்துப் பதிவு என்று எண்ணி, ஆறு மாதப் பதிவுகளை அவர் ஒதுக்கி வைத்திருந்தாராம். கருவியைவிட எங்கள் வாயை நம்பியிருக்கிறார். அவரை எப்படிப் பாராட்டுவது, எப்படிக் குறை சொல்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

9. அப்போது அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து காதக்கா எழுந்து நின்றார். "கேள்வி முப்பத்தொண்ணு" என்றார். அவர் எங்களிடம் கேட்ட கேள்விப் பட்டியலில் கடைசிக் கேள்வி அது: உங்கள் தெருவில் பறவைகள் உண்டா? அது ஆய்வுக்கான கேள்வியே இல்லையாம். பெட்டிக்குள் உட்காரும் முன் ஆள் பதற்றப்படாமல் இருக்கட்டும் என்று பேச்சுக்குக் கேட்பதாம். இருபத்துமூன்று பேரும் இல்லை என்று சொன்னதை அவர் கணக்கில் சேர்க்காமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார்.

10. மைக் அண்ணன் ஒரு பதிவை எடுத்தார். எங்கள் கூரை, ஒரு வேலை நாள், காலை பத்து மணி. தலையில் மாட்டிவிட்டு ஓட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரையில் மட்டும் சின்னச் சின்னக் கொக்கிகள் வரிசையாக ஓடின. காதக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாதி வேகத்துல போடுங்க" என்றார். பாதி வேகத்தில் ஓட்டினால் ஓசை பாதியாக இறங்குமாம். நாலாயிரம் இரண்டாயிரம் ஆகும். ஓட்டினார்.

ஐயா, அது பாடிற்று.

மெதுவாக, இழுத்து, யாரோ தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் வந்தது. நான் பிரஸ் மிதித்துக்கொண்டிருந்த அதே காலையில், என் தலைக்கு மேலே பன்னிரண்டு அடி உயரத்தில், ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று அது பாடியிருக்கிறது. அன்று மட்டும் அல்ல. அவர் வைத்திருந்த பதினோரு மாதப் பதிவிலும் பாடியிருக்கிறது. மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். என் பரிசோதனை நேரம் கடந்துபோயிற்று, யாரும் கூப்பிடவில்லை.

11. அவர்கள் எனக்கு விளக்கியதை என் அறிவுக்கு எட்டியவரை எழுதுகிறேன். அது கைக்குள் அடங்கும் ஒரு சாம்பல் நிறச் சிட்டு. அறிவியல் பெயரை இரண்டு முறை சொன்னார், எனக்கு நிற்கவில்லை. அமைதியான இடங்களில் அது மூவாயிரத்தை ஒட்டிப் பாடும். எங்கள் தெருவில் அந்த உயரம் முழுக்க இயந்திர இரைச்சல். பாடினால் துணைக்குக் கேட்காது. ஆகவே அது தன் குரலை உயர்த்தி, இரைச்சலுக்கு மேலே காலியாக இருந்த நாலாயிரத்துக்குப் போய்விட்டது. அதே இரைச்சல்தான் கீழே எங்கள் காதில் நாலாயிரத்தைக் கொன்றது. இயந்திரத்திடமிருந்து தப்பித்து ஏறிய பறவை, நேராக எங்கள் காதில் இருந்த ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அது எங்களை விட்டுப் போகவில்லை. நாங்களும் அதைத் துரத்தவில்லை. ஒரே இரும்பு இரண்டு பேரையும் அடித்ததில் ஒருவருக்கொருவர் கேட்காமல் போய்விட்டது.

12. ஐயா, இதைக் கண்டுபிடித்த இரண்டு பேரும் இதைத் தேடவே இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். மைக் அண்ணனின் பெட்டிகள் இரண்டாயிரத்துக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் வடிகட்டிவிடும். பறவை ஆய்வில் அது வழக்கமாம். இரைச்சல் வேண்டாத பொருள். அதாவது எங்களையும் எங்கள் இயந்திரங்களையும் கழித்துவிட்டுத்தான் அவர் பறவையை எடுத்தார். காதக்காவோ பறவையைக் கழித்துவிட்டு எங்களை எடுத்தார். அவர் கழித்தது இவரிடம் இருந்தது, இவர் கழித்தது அவரிடம் இருந்தது. நடுவில் ஓர் அலமாரி. அந்த அலமாரியை அன்று மாலையே இருவரும் நகர்த்திச் சுவரோரம் வைத்தார்கள். ஒரு பக்கத்தை நான்தான் தூக்கினேன்.

13. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக அந்த அடித்தளத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். லேத் மாமா நம்பாமல்தான் போனார். "பறவை எல்லாம் செல்போன்ல இருக்குடா, போட்டுக் காட்டியிருப்பாங்க" என்றார். தன் கூரைப் பதிவைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மறுநாள் டீ குடிக்கும்போது, "எங்கூடவே இருந்துக்கிட்டு எங்கிட்டயே சொல்லாம பாடியிருக்கு பாரு, திருட்டுக் கழுத" என்றார். அவர் அப்படிக் கொஞ்சலாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. தன் பேரப்பிள்ளையைக்கூட அப்படிக் கொஞ்ச மாட்டார்.

14. இனி நான் எழுதப்போவதுதான் இந்த மனுவின் முக்கியமான பகுதி. நான்காவது முறை போனபோது சுவரில் ஒரு நீளத் தாள் ஒட்டியிருந்தது. பதினோரு மாதங்களில் ஒவ்வொரு நாளும் சிட்டு எந்த உயரத்தில் பாடியது என்று காட்டும் படம். வேலை நாட்களில் கோடு மேலே. வார விடுமுறை நாட்களில் கோடு இறங்கி மூவாயிரத்துக்கு வந்துவிடும்; இரைச்சல் இல்லாததால் அது தன் சொந்தக் குரலுக்குத் திரும்பிவிடுகிறது, ஆனால் அன்று கேட்க நாங்கள் பட்டறையில் இருப்பதில்லை. மேலே, கீழே, மேலே, கீழே என்று பல்வரிசை போல் ஒழுங்காக ஓடிய கோட்டில், இரண்டு வேலை நாட்களில் மட்டும் காரணமே இல்லாமல் கோடு இறங்கியிருந்தது. மூன்றாம் மாதம் ஒன்பதாம் தேதி. பத்தாம் மாதம் இருபத்தாறாம் தேதி. இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் "பிழை?" என்று எழுதியிருந்தார் மைக் அண்ணன்.

15. பத்தாம் மாதம் இருபத்தாறாம் தேதியை நான் மறக்க வழியில்லை. முதல் நாள்தான் என் மகள் பிறந்தாள். விடுப்புக் கேட்டேன். "நாளைக்குச் சோதனைக்கு அதிகாரி வர்றாரு, நீ வந்தே ஆகணும்" என்றார் மேற்பார்வையாளர். போனேன். பத்து இயந்திரங்களில் எட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். தெரு முழுக்க அப்படித்தான். இரண்டு இரண்டு இயந்திரங்கள் மட்டும் மெதுவாக ஓடின. காதில் செருகும் அடைப்பான் புதிதாகப் பொட்டலம் பிரித்துக் கொடுத்தார்கள்; ஆரஞ்சு நிறம். அதிகாரி இரைச்சலை அளந்து, வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் அடைப்பான்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த சோதனைக்கு வேண்டுமாம்.

16. மூன்றாம் மாதம் ஒன்பதாம் தேதியும் சோதனை நாள்தான் என்பதைப் பிற்பாடு எங்கள் இழப்பீட்டு வழக்கை நடத்தும் வழக்கறிஞர் அம்மாவிடம் உள்ள சோதனை அறிக்கையில் பார்த்து உறுதி செய்தோம். அந்த ஆண்டு நடந்த சோதனைகள் இரண்டே இரண்டு. படத்தில் இறங்கிய வேலை நாட்களும் இரண்டே இரண்டு. நான் சொன்னதும் மைக் அண்ணன் ரப்பரை எடுத்து "பிழை?" என்பதை அழித்தார். காதக்கா குழாய் ஓடும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

17. யோசித்துப் பாருங்கள், ஐயா. சோதனை வருகிறது என்று முதலாளிகளுக்கு முந்தின நாளே சொல்ல ஆள் இருந்தது. பறவைக்குச் சொல்ல ஆள் இல்லை. அது பாட்டுக்குக் குரலை இறக்கிவிட்டது. எங்கள் காதுகள் போனது செல்போனில் பாட்டுக் கேட்டதால் என்று முதலாளிகள் சங்கத்தின் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சிலருக்குப் பரம்பரையாம். இழப்பீட்டுக்காகச் சிலர் கேட்காததுபோல் நடிப்பதாகவும் ஒரு வரி உண்டு. சிட்டு எதற்காக நடிக்கும்? அதற்கு எந்தப் பரம்பரை? எந்தச் செல்போன்? இருபத்துமூன்று தொழிலாளிகள் சொல்லி எடுபடாததை ஐந்து விரலுக்குள் அடங்கும் ஒரு உயிர் பதினோரு மாதம் தினமும் காலையில் சொல்லியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரைத் தங்கள் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. தங்கள் கட்டடங்களைப் பேருந்தில் போகும்போது வெளியிலிருந்து பார்த்து, உள்ளே என்னத்தைத்தான் படிக்கிறார்கள் என்று கேலி பேசியவன் நான். அதற்காக வெட்கப்படுகிறேன்.

18. இப்போது பார்வையில் குறிப்பிட்ட குறிப்பாணைக்கு வருகிறேன். விலங்கியல் ஆய்வேட்டின் படம் 4.7-ம் செவியியல் ஆய்வேட்டின் படம் 5.2-ம் ஒன்றே என்று தங்கள் கணினி கண்டுபிடித்துள்ளது. ஒரு கண்டுபிடிப்பை இரண்டு பட்டங்களுக்குப் பயன்படுத்த முடியாது. முப்பது நாட்களுக்குள் ஒருவர் நீக்க வேண்டும். இல்லையேல் இரண்டு பதிவுகளும் ரத்தாகும் என்று உத்தரவு. அந்தப் படத்தில் மேலே சிட்டின் கோடு, கீழே எங்கள் காதுகளின் கோடு. இரண்டு பேரும் சேர்ந்து வரைந்தது. இருவரும் முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லியும் இருக்கிறார்கள். திருடியவன் பெயர் போட்டுத் திருட மாட்டான், ஐயா.

19. உத்தரவு வந்த பிறகு அந்த அறையில் நடந்தது தங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். என் படத்தை எடுத்துவிடுகிறேன் என்று அவர். இல்லை, நான் எடுத்துவிடுகிறேன் என்று இவர். ஐந்து ஆண்டு உழைப்பை விட்டுக்கொடுக்க ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு ஸ்பேனருக்கு அடித்துக்கொள்வோம்.

20. ஆனால் யார் விட்டுக்கொடுத்தாலும் எங்கள் கதை முடிந்தது. காதக்கா நீக்கினால் அவர் ஆய்வேட்டில் மிஞ்சுவது, பட்டறைத் தொழிலாளிகளுக்குக் காது கேட்காது என்பது. அது எங்கள் மனைவிமார்களுக்கே தெரியும். மைக் அண்ணன் நீக்கினால் மிஞ்சுவது, இரைச்சலில் சிட்டு குரலை உயர்த்தும் என்பது. அதை வேறு ஊர்களில் முன்பே எழுதிவிட்டார்களாம். படத்தை ஒருவரிடம் மட்டும் விட்டால், பறவை படித்தவருக்குக் காதைப் பற்றி என்ன தெரியும், காது படித்தவருக்குப் பறவையைப் பற்றி என்ன தெரியும் என்று முதலாளிகளின் வழக்கறிஞர் கேட்பார். கேட்பது அவர் தொழில். இரண்டு துறைகளும் தனித்தனியாக மதிப்பிட்டு, இரண்டும் சரி என்று கையெழுத்திட்டால்தான் அந்தப் படம் நிற்கும்.

21. தொழிலாளர் நல ஆணையத்தில் எங்கள் வழக்கின் அடுத்த விசாரணை வரும் மாதம் 20-ஆம் தேதி. பல்கலைக்கழகம் ஏற்ற ஆய்வேடு என்றால் ஆவணமாக ஏற்பார்கள், வரைவு என்றால் திருப்பிவிடுவார்கள் என்று வழக்கறிஞர் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். தாங்கள் கொடுத்த கெடுவில் இன்றைக்கு மீதி பத்தொன்பது நாட்கள்.

22. கோபமாக எழுதக்கூடாது என்று மனைவி சொல்லித்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தங்கள் கட்டடத்தில் விலங்கியல் முதல் தளத்தில் இருக்கிறது, செவியியல் நான்காம் தளத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் தளம் கிடையாது. பிரஸ் இறங்கும்போது கீழே இருப்பது காதா, மேலே இருப்பது சிட்டா, இது எந்தத் துறை என்று அது கேட்பதில்லை. இரண்டு மாணவர்கள் அதைப் புரிந்துகொண்டு, தங்கள் துறைச் சுவரைத் தாண்டி ஒரே படத்தில் வரைந்து காட்டிவிட்டார்கள். சம்பளம் வாங்கும் பெரியவர்கள் ஏழு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்தப் படத்தை எந்த அறையில் வைப்பது என்று தெரியாமல் கிழிக்கச் சொல்கிறார்கள். குழுவில் ஒருவராவது அந்தப் பதிவைப் பாதி வேகத்தில் கேட்டுப் பார்த்தாரா? கேட்டிருந்தால் இந்தக் குறிப்பாணையில் யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். இது என் உறுதியான நம்பிக்கை.

23. ஆகவே தங்கள் மேலான கவனத்துக்குக் கீழ்க்கண்டவற்றை வைக்கிறேன்.

அ. மேற்படி படம் இரண்டு ஆய்வேடுகளிலும் அப்படியே இருக்க அனுமதித்து, குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும்.

ஆ. காது அறிந்தவர் ஒருவரும் பறவை அறிந்தவர் ஒருவருமாகச் சேர்ந்து இரண்டு ஆய்வேடுகளையும் மதிப்பீடு செய்ய வேண்டும். தவறு இருந்தால் தாராளமாகச் சொல்லட்டும். தவறான ஆய்வு எங்களுக்கும் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு ஆணையத்தில் நிற்கப்போவது நாங்கள்தான்.

இ. இரண்டு வாய்மொழித் தேர்வுகளையும் வரும் மாதம் 20-ஆம் தேதிக்கு முன் நடத்தித் தர வேண்டும்.

ஈ. வாய்மொழித் தேர்வுக்குப் பொதுமக்கள் யாரும் வரலாம் என்று தங்கள் அறிவிப்புப் பலகையில் படித்தேன். நாங்கள் இருபத்துமூன்று பேரும் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வருவோம். கேள்வி கேட்க மாட்டோம், குறுக்கே பேச மாட்டோம். எங்களைப் பற்றியும் எங்கள் சிட்டைப் பற்றியும் படித்தவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒருமுறை பார்க்க வேண்டும். எங்களுக்கு முன் இரண்டு வரிசைகளை ஒதுக்கி வைக்குமாறும், கேள்வி கேட்கும் பேராசிரியர்கள் தாளைப் பார்த்துப் பேசாமல் கொஞ்சம் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசுமாறு அவர்களிடம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். வாய் அசைவைப் பார்த்தால் புரிந்துகொள்வோம்.

தங்கள் முடிவை எதிர்பார்த்து,

இடம்: பட்டறைத் தெரு
நாள்: 3-ஆம் தேதி, வார விடுமுறை

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஆய்வு எண் 17

உடன் ஒப்பமிட்டோர்: ஆய்வு எண்கள் 1 முதல் 16 வரை, 18 முதல் 23 வரை. (எண் 9 கைநாட்டு.)

நகல்: ஆய்வு நேர்மைக் குழு உறுப்பினர்கள் ஏழு பேருக்கும். ஒவ்வொரு நகலுடனும் ஒரு பதிவு இணைக்கப்பட்டுள்ளது. பாதி வேகத்தில் கேட்கவும்.